ஏழு நாள் வாசல்: இலட்சத்தீவு பெருந்தொற்றைத் தடுத்து நிறுத்திய காலம்

2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் இந்தியாவின் முதல் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. அதே கேரளக் கரைக்கு எதிரே, அரிசி முதல் மருந்துவரை அனைத்துக்கும் அக்கரையையே நம்பி வாழும் இலட்சத்தீவு மக்களிடம் அந்நோய் 2021 ஜனவரி 18 அன்றுதான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட 354 நாட்களில் நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் நோயுற்றனர். ஒன்றரை இலட்சம் பேர் மரணித்தனர். மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் எல்லாவற்றிலும் ஒரு தொற்றுகூடப் பதிவாகாமல் இருந்த இடம் இது ஒன்றே. அங்கு வாழ்வோரில் 100க்கு 96 பேர் முஸ்லிம்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். அந்த ஆண்டில் நம் சமுதாயத்தின்மீது சுமத்தப்பட்ட பழி என்னவென்பதை நாம் மறந்துவிடவில்லை.

அந்தப் பாதுகாப்பு எதனால் நிலைத்தது, எதனால் முடிந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலட்சத்தீவில் 36 தீவுகள் உள்ளன. அவற்றுள் பத்தில் மட்டுமே மக்கள் வசிக்கின்றனர். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 64,473. மிகச் சிறிய பித்ராவில் 271 பேர். கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் இவை சிதறிக் கிடக்கின்றன. நமக்கு இவை முற்றிலும் அந்நியமான தீவுகள் அல்ல. 1956 நவம்பர் 1 வரை இவை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை: அமினித் தீவுக் கூட்டம் தென் கன்னட மாவட்டத்தின் கீழும், ஏனையவை மலபார் மாவட்டத்தின் கீழும் இருந்தன. சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்தும் மாசியை நம் கடற்கரை ஊர்களின் சமையலறைகள் நன்கறியும். மினிக்காய்வாசிகளுக்கு அது வாழ்வாதாரம்.

இத்தீவுகளுக்குள் எவரும் நினைத்தவுடன் நுழைந்துவிட இயலாது. 1967ஆம் ஆண்டின் நுழைவு மற்றும் வசிப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தீவைச் சேராத ஒருவர் உள்ளே செல்ல அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். சிறிய நிலம், குறைந்த நன்னீர், தனித்த பண்பாடு ஆகியவற்றைக் காக்க இயற்றப்பட்ட விதி அது. நோயை எண்ணி எழுதப்பட்டதன்று. ஆயினும் கொரோனா வந்தபோது, வருவோரைக் கணக்கெடுக்கும் பழக்கமும் அதற்குரிய அலுவலகமும் ஏற்கெனவே அங்கே இருந்தன. வாசல்களும் சிலவே: கொச்சி முதலிய துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்கள், அகத்தித் தீவின் ஒற்றை விமானத் தளம். வேறு மாவட்டங்களுக்கு வாய்க்காத வசதி இது.

ஆனால் தீவாக இருப்பது மட்டுமே நோயைத் தடுத்துவிடாது என்பதற்கு அத்தீவுகளின் பழைய வரலாறே சான்று. மினிக்காய்க்கு அருகே விரிங்கிலி என்றொரு சிறு தீவுத் துண்டு உள்ளது. பழைய ஆங்கிலேயக் கடற்படை வரைபடங்களில் அதற்கு அம்மைத் தீவு என்னும் பொருள்படும் பெயர் காணப்படுகிறது. மினிக்காயின் தொழுநோயாளிகள் ஒருகாலத்தில் அங்கேதான் துரத்தப்பட்டனர்; மிகக் கொடிய நிலையில் வாழ்ந்தனர். ஊரைக் காப்பதற்கு என்றுதான் அன்றும் சொல்லியிருப்பார்கள். விலக்கப்பட்டவனுக்கு அந்த ஊர் கடன்பட்டிருக்கிறதா என்ற கேள்வியை அந்தத் தீவுத் துண்டு இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறது. மார்க்கம் கற்பித்த தனித்திருத்தல் இதுவன்று என்றே நாம் கருதுகிறோம்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லவேண்டாம், நாம் இருக்கும் ஊரில் அது பரவினால் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற கருத்தில் அமைந்த நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை 2020இல் கேளாத முஸ்லிம் இல்லை. அந்த அறிவுரை நடைமுறைக்கு வந்த சூழ்நிலை மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கலீஃபா உமர் (ரலி) ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃக் என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியைத் தளபதிகள் கொண்டுவந்தனர். உமர் (ரலி) அவர்கள் தாமாக முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கலந்தார்கள், கருத்து பிளவுபட்டது. அடுத்து அன்ஸார்களை அழைத்தார்கள், மீண்டும் பிளவு. பின்னர் குறைஷிகளின் மூத்தோரை அழைத்தார்கள். அவர்கள் ஒருமித்துத் திரும்பிச் செல்லுமாறு கூறினர். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து நபிமொழியை எடுத்துரைத்தது இவ்வளவும் நடந்த பிறகுதான். மூன்று சபைகளைக் கேட்ட பின்னரே அந்தப் பயணக் கட்டுப்பாடு பிறந்தது.

அந்தக் கொள்ளைநோய் அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் அறியப்படுகிறது. ஹிஜ்ரி 18, கிறித்தவ ஆண்டு 639. அபூ உபைதாவும் முஆத் பின் ஜபலும் (ரலி) அதில் மரணித்தனர். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லச் செய்தார்கள், நோய் தணிந்தது.

பிற்காலத்தில் நம் முன்னோர் சந்தித்த தனிமை முகாம்கள் வேறு வகையின. 1865ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் பரவிய காலரா ஐரோப்பாவரை சென்றதைத் தொடர்ந்து, 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் சர்வதேசச் சுகாதார மாநாடு கூடியது. 1882இல் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு தனிமை நிலையம் திறந்தது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் சென்ற ஹாஜிகள் கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, உடைமைகள் நச்சுநீக்கம் செய்யப்பட்டு, கட்டணமும் செலுத்திய பின்னரே ஜித்தாவுக்கு அனுப்பப்பட்டனர். நோய் உண்மை, தடுப்பும் தேவையே. ஆனால் தங்களைக் காக்கிறார்களா, தங்களிடமிருந்து பிறரைக் காக்கிறார்களா என்ற ஐயம் அந்த ஹாஜிகளுக்கு எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை.

இப்பின்னணியில் 2020இன் இலட்சத்தீவைப் பார்ப்போம். தொடக்கத்திலேயே சுற்றுலாப் பயணிகளின் வருகை நிறுத்தப்பட்டது. நாடு தழுவிய ஊரடங்கு முடிந்து போக்குவரத்து மெல்லத் திறந்தபோது, தீவுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் கொச்சியில் நிர்வாகம் ஏற்பாடு செய்த இடங்களில் 7 நாட்கள் தனித்திருக்கவேண்டும், அதன்பின் பரிசோதனை, தொற்றில்லை எனில் கப்பல், தீவில் இறங்கிய பின்னர் மேலும் சில நாட்கள் தனிமை. தீவுவாசி, அரசு அதிகாரி, மக்கள் பிரதிநிதி என்ற வேறுபாடு அதில் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முகம்மது ஃபைசலும் அவ்விதிக்கு விலக்கல்லர் என்பதை அவரே பலமுறை கூறியுள்ளார்.

இவ்விதியின் சுமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. உயர் சிகிச்சைக்குத் தீவுவாசிகள் கொச்சிக்கே செல்லவேண்டும். நோயாளியோடு துணைக்குச் சென்றவர் சிகிச்சை முடிந்த அன்றே ஊர் திரும்ப இயலாது. நகரத்தில் ஓர் அறைக்குள் ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். நிலப்பரப்பில் படிக்கும் மாணவர்களுக்கும், உலகின் வணிகக் கப்பல்களில் மாலுமிகளாகப் பணியாற்றிவிட்டு விடுப்பில் திரும்பும் மினிக்காய் ஆண்களுக்கும் அதே நிலைதான். சுற்றுலா வருவாயும் நின்றுபோனது. ஆயினும் மக்கள் அதை ஏற்றனர். விதியைத் தளர்த்தியபோதுதான் எதிர்த்தனர். கட்டுப்பாடு வேண்டும் என்று மக்கள் போராடுவது அரிது.

அவர்கள் பெற்ற பலன் கண்முன்னே இருந்தது. 2020 செப்டம்பரில், நாட்டின் பிற பகுதிகளில் நாள்தோறும் தொண்ணூறாயிரம் பேர் நோயுற்றுக்கொண்டிருந்த வேளையில், இலட்சத்தீவில் பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன. முகக்கவசமின்றி மக்கள் நடமாடினர், திருமணங்கள் நடந்தன. நாமோ பள்ளிவாசல்களில் இடைவெளிவிட்டு, சொந்தத் தொழுகை விரிப்போடு நின்றுகொண்டிருந்தோம். தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசை எப்போது திரும்பும் என்று ஏங்கினோம்.

இதே ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களை நினைவுகூர்வது இங்கே பொருந்தும். டெல்லி தப்லீக் ஜமாஅத் கூட்டத்தைக் காரணம் காட்டி, நோய்க்கே மதம் உண்டு என்பதுபோல் தொலைக்காட்சிகள் பேசின. காய்கறி வண்டிக்காரரின் பெயரைக் கேட்டுத் திருப்பியனுப்பிய தெருக்கள் இருந்தன. ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் குறிப்பிட்டது. ஏறத்தாழ முழுமையாக முஸ்லிம்களே வாழும் ஒன்றியப் பகுதியில் ஒரு தொற்றும் இல்லை என்ற செய்தி அதே தொலைக்காட்சிகளில் எத்தனை மணி நேரம் பேசப்பட்டது என்று நாம் கேட்கப்போவதில்லை. விடை அனைவருக்கும் தெரியும்.

2020 டிசம்பர் 4 அன்று இலட்சத்தீவின் நிர்வாகி தினேஷ்வர் சர்மா சென்னையில் காலமானார். தாத்ரா நகர் ஹவேலி, தாமன் தியு பகுதியின் நிர்வாகியாக இருந்த பிரஃபுல் கோடா படேலுக்கு இலட்சத்தீவு கூடுதல் பொறுப்பாக வழங்கப்பட்டது. அம்மாத இறுதியிலேயே பயண விதி மாறியது. கொச்சியில் 7 நாள் தனிமை இனி வேண்டியதில்லை. பயணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் தொற்றில்லை என்ற சான்று போதும்.

நாட்டின் பிற பகுதிகளில் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன, தீவுகளின் பொருளாதாரமும் எழவேண்டியிருந்தது என்ற வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும் நீக்கப்பட்ட விதி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைப் பார்க்கவேண்டும். கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்ற 2 முதல் 14 நாட்கள் ஆகலாம். பெரும்பாலும் ஐந்து நாட்களை ஒட்டி. புகுந்த முதல் சில நாட்களில் மூக்கிலும் தொண்டையிலும் கிருமியின் அளவு மிகக் குறைவு. மிக நுட்பமான பரிசோதனையும் அதைத் தவறவிடும். ஆகவே தொற்றில்லை என்ற சான்று, மாதிரி எடுத்த அந்த நேரத்துக்கான சாட்சி மட்டுமே. மாதிரி கொடுத்துவிட்டுக் கொச்சியின் கடைவீதிக்குச் செல்பவரையும், நேற்று நோய் தொற்றி இன்று மாதிரி கொடுப்பவரையும் அது அறியாது. பரிசோதனைக்கு முன்னர் ஏழு நாள் தனிமை என்ற பழைய வரிசையின் பொருள் இதுதான்: மறைந்திருக்கும் நோய் வெளிப்பட அவகாசம் கொடுத்து, அதன்பின் தேடுவது. புதிய விதி தேடலை வைத்துக்கொண்டு அவகாசத்தை நீக்கிவிட்டது. 64,000 பேரும், கடும் நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொச்சிக்கு அனுப்பவேண்டிய மருத்துவ வசதியும் உள்ள இடத்தில் இது சிறிய மாற்றமன்று.

மக்கள் இதைப் புரிந்துகொண்டனர். பழைய விதியே தொடரவேண்டும் என்று கவரத்தியில் குரல் எழுந்தது. தீவுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகள் இருந்தன. நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார். பள்ளிவாசல்களைச் சுற்றி அமைந்த ஊர்க் கட்டுக்கோப்பும் இருந்தது. தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்பதே அவர்களின் முதல் முறையீடு. ஸர்ஃக்கின் மூன்று சபைகளை நாம் மேலே விரிவாகக் கூறியது இதற்காகத்தான்.

ஜனவரி முதல் வாரத்தில் கொச்சியிலிருந்து கப்பலில் கவரத்தி வந்த காவல் படைப் பிரிவினர் ஒருவருக்கு, 18ஆம் நாள் தொற்று உறுதியானது. அடுத்த சில நாட்களிலேயே அவரோடு தொடர்பில் இருந்தோரில் பத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டறியப்பட்டது. அவரைக் குறைகூற ஏதுமில்லை. விதி அனுமதித்தது, அவர் வந்தார். விதியை மாற்றாதிருந்தால் நோய் ஒருபோதும் வந்திராது என்றும் நாம் சத்தியம் செய்யமாட்டோம். கடுமையான எல்லைக் கட்டுப்பாடு வைத்திருந்த நாடுகளிலும் பின்னாளில் அது புகுந்தது. ஆனால் எப்போது வருகிறது என்பது உயிர்களின் கணக்கு. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 2021 ஜனவரி 16. தீவில் முதல் தொற்று ஜனவரி 18. இரண்டு நாள் இடைவெளி. மக்கள் தடுப்பூசி பெற்று முடிக்கும்வரை, இன்னும் சில மாதங்கள் அந்த வாசல் நின்றிருந்தால் என்ற எண்ணத்தைத் தவிர்க்க இயலவில்லை.

அந்த மாதங்களில்தான் இரண்டாம் அலை வந்தது. ஏப்ரல் 13 அன்று கேரளத்தோடு சேர்ந்து தீவுகளும் ரமளானைத் தொடங்கின. மே 13 நோன்புப் பெருநாள். மே இறுதிக்குள் தொற்று ஏறத்தாழ ஏழாயிரத்தை எட்டியது. பத்துப் பேரில் ஒருவர். இருபதுக்கும் மேற்பட்டோர் மரணித்திருந்தனர். முந்தைய ஆண்டு முழுவதும் முகக்கவசமின்றித் திரிந்த ஊர்கள் முழு ஊரடங்கில் முடங்கின.

தடுப்பூசி குறித்த ஐயங்களும் அந்நாட்களில் உலகெங்கும் முஸ்லிம்களிடையே எழுந்தன. மூலப்பொருளில் பன்றிக் கொழுப்புக் கூறு இருக்குமோ என்பது ஒன்று. வேறு வழியில்லாத நிலையில் அத்தகைய தடுப்பூசியும் கூடும் என 2020 டிசம்பரிலேயே ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா மன்றம் அறிவித்தது. இந்தியாவில் செலுத்தப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் அந்தக் கூறு இல்லாததால் இங்கே அந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. நோன்பாளி ஊசி போட்டுக்கொள்ளலாமா என்பது மற்றொன்று. அது உணவோ பானமோ அல்ல, தசையில் செலுத்தப்படுவது, ஆதலால் நோன்பு முறியாது என்று சவூதி தலைமை முஃப்தி உள்ளிட்ட அறிஞர்கள் தெளிவுபடுத்தினர். நம் பகுதிகளில் இவ்விளக்கம் சேர்வதற்குள் சிலர் ரமளான் முழுவதையும் தவறவிட்டனர் என்பது வருத்தமே.

தீவுகளிலோ, நுழைவு விதி மாற்றம் பெரிய மனக்குறையின் ஒரு பகுதியாகிவிட்டது. நில மேம்பாட்டு வரைவு, குண்டர் சட்ட வரைவு, மாட்டிறைச்சித் தடை முன்மொழிவு, கடற்கரையில் மீனவர் கொட்டகைகள் அகற்றம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜூன் 7 அன்று தீவுவாசிகள் தத்தம் வீடுகளிலிருந்தே 12 மணி நேர உண்ணாநோன்பு இருந்தனர். ஊரடங்கில் அதுதான் இயன்ற போராட்டம். தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் விதி மாற்றத்தை உயிரியல் ஆயுதத்தோடு ஒப்பிட்டதற்காகத் திரைக்கலைஞர் ஆயிஷா சுல்தானா மீது தேசத்துரோக வழக்குப் பதியப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் முன்பிணை வழங்கியது. அவர் பயன்படுத்திய சொல் மிகை என்றே நாம் கருதுகிறோம். அதற்குத் தேசத்துரோகம் என்று பெயர் சூட்டியது அதனினும் பெரிய மிகை.

2021 செப்டம்பரில், வயது வந்தோர் அனைவருக்கும் முதல் தவணைத் தடுப்பூசி செலுத்திய பகுதிகளின் பட்டியலை ஒன்றிய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. இலட்சத்தீவு அதில் இடம்பெற்றது: 53,499 தவணைகள். கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி, குளிர் குறையாமல், பத்துத் தீவுகளுக்கும் கொண்டுசென்ற செவிலியரின் உழைப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது. ஏழு நாள் தனிமையை ஏற்ற அதே மக்கள்தாம் ஊசிக்கும் கை நீட்டினர்.

அமைச்சகத்தின் இறுதிக் கணக்கில் இலட்சத்தீவுக்கு எதிரே நிற்கும் எண்கள்: தொற்று 11,415, மரணம் 52. ஊரார் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த தீவுகளில் இந்த 52 பேரும் வெறும் எண்களாக இருந்திருக்க மாட்டார்கள். கொள்ளைநோயில் மரணிக்கும் முஸ்லிமுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். அத்தீவுகளின் நம் சகோதர சகோதரிகளுக்கு அல்லாஹ் அதனை வழங்குவானாக, ஆமீன்.